ஒண்ணும் பண்ணாது

தெருநாய்களுக்குச் சோறு வைக்கலாமா கூடாதா என்று பேசக் கூடிய குடியிருப்போர் கூட்டம் கலைந்துவிட்டது. அண்ணிக்கும் நாத்தனாருக்கும் மட்டும் இன்னும் முடியவில்லை. சாயங்கால வெயில் சுவரெல்லாம் மஞ்சளாக வழிய, இருவரும் கையை வீசி வீசிப் பேசிக்கொண்டே தெருவில் நடக்கிறார்கள். "பட்டினி போட்டா சாந்தமாயிடுமா அண்ணி?" "சோறு வச்சு வச்சுத்தான் ஊர் நாயெல்லாம் நம்ம வாசல்ல நிக்குது!" அப்போது சந்துமுனையில் ஒரு செவலை நாய் திரும்புகிறது. தினமும் சோறு வைக்கும் நாத்தனாரைக் கண்டதும் உடம்பே வாலாக ஓடிவருகிறது. அண்ணியின் குரல் பாதியில் அறுகிறது. அவள் பதறித் தூக்கிப் பிடித்த சேலைக்குக் கீழே, சின்ன வயதில் நாய் பிடுங்கிய கெண்டைக்காலில் பழைய தழும்பு தெரிகிறது. 'ஒண்ணும் பண்ணாது' என்று சொல்ல நாத்தனார் வாயெடுக்கிறாள். தழும்பைப் பார்க்கிறாள். வந்த வார்த்தையை விழுங்கிவிட்டுச் சட்டென்று குறுக்கே போய், நாயின் நெஞ்சில் கையை வைத்து, "டேய், அங்கேயே நில்லு!" என்கிறாள். ஏமாந்த வால் தரையில் பட்பட்டென்று அடிக்கிறது. அண்ணி அவள் தோளைப் பற்றிக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னாலேயே நாயைத் தாண்டுகிறாள். "சரி, எங்க விட்டோம்?" என்கிறாள் நாத்தனார். "நீ சொல்றது சுத்தத் தப்புங்கிறதுல," என்கிறாள் அண்ணி, தோளை விடாமல்.