பித்தளைச் சொம்பு

தொழிற்சாலைக்காக ஒரகடத்தில் நிலம் எடுக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தின வீடென்றால்தான் மாற்று மனை. "காலியா கெடந்த எடம் சார், எங்க மாமனாருதான் மொதல்ல குடிசை போட்டாரு" என்று கிளாரா இப்போதுதான் சர்வேயரிடம் மாதாமேல் சத்தியம் செய்திருக்கிறாள். வீட்டின் வயசுக்குச் சாட்சி கிடைக்குமா என்று அவர் கொல்லையில் நகர்த்தும் உலோகம் தேடும் கருவி காதுகுத்துக் குழந்தைபோல வீறிடுகிறது. தோண்டியதில் நசுங்கிய பித்தளைச் சொம்பு. சர்வேயர் மண்ணைச் சுரண்டுகிறார். "1951ன்னு வெட்டிக்கீது. வூடு பழசுதாம்மா! பேருதான் களிம்புல மறைஞ்சிக்கீது. புளி போட்டுத் தேச்சிக் காட்டு." வேலிக்கு வெளியே, இந்த மனையை விட்டு வெளியேற்றப்பட்டபின் இருபத்தெட்டு வருஷமாக இந்த வாசல் மிதிக்காத கிழவி கன்னியம்மா வெயிலில் அசையாமல் நிற்கிறாள். கிளாரா மெதுவாகத்தான் தேய்க்கப் பார்க்கிறாள். ஆயுசெல்லாம் பித்தளை தேய்த்த கை, கேட்பதாயில்லை. மதிய வெயிலில் ஒவ்வொரு எழுத்தாகப் பளபளக்கிறது: கன்னியம்மா.