மூன்றாவது மட்டை

“இதை மட்டும் கேக்காதீங்க அண்ணே. இது அவருக்கு வேணும்.”

மூன்றாவது டென்னிஸ் மட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள் வீட்டுக்காரி. மற்ற இரண்டும் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தன. எதிரே, பழைய மட்டைகளை வாங்கி விற்கும் வியாபாரி மோவாயைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றும் முப்பது நாற்பது வருடத்துப் பழைய கிராஃபைட் மட்டைகள். இன்றைய மட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தால் குழந்தை முகம் மாதிரி சின்னத் தலை. மூன்றுக்கும் ஒரே கறுப்புச் சாயம் பூசியிருந்ததால் கண்ணுக்கு வித்தியாசம் பிடிபடாது. கைதான் சொல்ல வேண்டும்.

வியாபாரியின் கை சொல்லிவிட்டது. கைப்பிடியை லேசாகப் பற்றி, தலையில் முஷ்டியால் ஒரு தட்டு. அவ்வளவுதான் அவர் சோதனை. முதலாவது கல். துளி நடுக்கம் இல்லை. இரண்டாவதன் நுனியில் யாரோ ஈயப் பட்டை ஒட்டிக் கனம் ஏற்றியிருந்தார்கள்.

மூன்றாவதைச் சற்றுமுன் அரை மனதாக அவள் நீட்டியபோது, ஒரே தட்டில் அவருக்கு உள்ளங்கை குளிர்ந்துபோயிற்று. கண்ணாடி இழை கலந்து வார்த்த மட்டை அது. அதிர்வு குழைந்து குழைந்து மெதுவாக அடங்கியது. இந்தக் குழைவுக்காக அவருடைய வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு வருடமாகத் தவம் கிடக்கிறார்.

நரம்புகள் மூன்றிலும் தொய்ந்து தூசி படிந்து கிடந்தன. கைப்பிடித் தோல் மட்டும் புத்தம்புதிது. விற்கிற சரக்குக்குப் பவுடர் பூசுவது எல்லாரும் செய்வதுதானே என்று வியாபாரி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

“மூணையும் குடுத்துடுங்கம்மா. மொத்தமா ஒரு நல்ல விலை போட்டுத் தர்றேன்.”

“ஒண்ணாவது வீட்ல இருக்கணும் அண்ணே. ஒண்ணுமே இல்லேன்னா புதுசா வாங்கிட்டு வந்துடுவாரு. அது எப்படி இருக்குமோ, என்னவோ.”

“புதுசுக்கு என்னம்மா குறை? தலை பெருசு, எடை கம்மி...”

“வேணாம். தெரிஞ்சதே இருக்கட்டும்.”

வியாபாரி தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த தூண்டிலைப் போட்டார். “சரி, ஒண்ணு இருக்கணும், அவ்வளவுதானே? இந்தக் கல்லு மாதிரி இருக்கறதை வெச்சுக்குங்க. சந்தையில இதை நாய்கூட சீண்டாது. மத்த ரெண்டையும் நான் எடுத்துக்கறேன்.”

அவள் பதறிப்போனாள். “ஐயோ, அதைத்தான் அண்ணே முதல்ல எடுத்துட்டுப் போகணும்! சாயங்காலம் அவரு ஊர்லேருந்து வந்துடுவாரு. அதுக்குள்ள அந்த ரெண்டும் வீட்டை விட்டுப் போயாகணும். பைசா வேணாம், சும்மாவே எடுத்துக்குங்க.”

சும்மா என்ற சொல்லைக் கேட்டதும் வியாபாரி நாற்காலியில் நிமிர்ந்தார். பேரம் பேசாமல் விற்கிறவர்களை அவர் நம்புவதில்லை. சும்மா தருகிறவர்களைக் கண்டால் போலீஸ் ஞாபகம்தான் வரும்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. இது உங்க வீட்டு மட்டைதானே? எது எப்படின்னு உங்களுக்குச் சொல்லத் தெரியுமா?”

“தெரியும்.”

கையில் வாங்கிப் பார்ப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். “ஒவ்வொண்ணா வீசுங்க. சத்தம் கேட்டாப் போதும்.”

வியாபாரி எழுந்து, மின்விசிறியில் பட்டுவிடாமல் ஒன்றை எடுத்து வீசினார். காற்று கிழிந்தது.

“கல்லு,” என்றாள்.

இன்னொன்று.

“ஈயம்.”

வியாபாரிக்குக் குறும்பு தலைதூக்கியது. அதே மட்டையைக் கீழே வைப்பதுபோல் மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடியும் அதையே வீசினார்.

“இதுவும் ஈயம்தான். ஏமாத்தாதீங்க அண்ணே.”

“அடேங்கப்பா!” வியாபாரி மட்டையை மேசைமேல் வைத்துவிட்டுக் கும்பிட்டார். “இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். எனக்குக் கைதான் பேசும். உங்களுக்குக் காதே பேசுதே! அவரு ஆடும்போது பக்கத்துலயே நிப்பீங்களோ?”

“அவரு ஆட்டத்தை விட்டு ஆறு வருஷம் ஆச்சு அண்ணே.”

சந்தேகம் தீர்ந்த வியாபாரி கல்லையும் ஈயத்தையும் பைக்குள் செருகினார். சும்மா வாங்க மனம் வரவில்லை; ஒரு விலை போட்டு மேசைமேல் வைத்தார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையின் ஜிப் முழுதாக மூடுகிறதா என்பதிலேயே அவள் கண் இருந்தது.

“போகட்டும், எனக்கு நஷ்டம்தான்,” என்று வியாபாரி சிரித்தார். “ஆனா மனசுக்குத் திருப்தியா இருக்கு. இருக்கறதுலயே ஒசத்தியானதை வீட்டுக்காரருக்குன்னு பிடிச்சு வெச்சுட்டீங்க. குடுத்து வெச்ச மனுஷன். இதுன்னா அவருக்கு உயிரா?”

“இல்லண்ணே. அவருக்கு அந்தக் கல்லுதான் உயிரு. எப்பவும் அதைத்தான் எடுப்பாரு.”

ஜிப்பை இழுத்த கை பாதியில் நின்றது. “அப்புறம் இது எதுக்கும்மா அவருக்கு?”

அவள் படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியில் அந்த மட்டையை மாட்டினாள். கைக்கு எட்டும் உயரம்தானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

“இதுல அடிச்சா எலும்பு உடையாது அண்ணே.”