எட்டுக் கணினிக்கும் ஒரே வைத்தியம்

“நீயெல்லாம் எதுக்கய்யா சம்பளம் வாங்குற?”

ஆபீசில் எல்லாரும் பார்க்க ஓக்னியானை வறுத்தெடுத்தாள் நோட்டரி ரதோஸ்தினா. பல்கேரியாவின் ரூசே நகரில் அந்த அம்மாளின் வாய்க்குப் பயப்படாத ஆளே கிடையாது.

“டைப் பண்ற புரோகிராம் ஒரே நேரத்துல நாலு தடவை திறக்குது. ஒண்ணுல திருத்தினா, இன்னொண்ணுல இருக்கிற பழசு அதுமேல ஏறிடுது. செத்துப்போனவர் பேரோட பத்திரம் கையெழுத்து வரைக்கும் வந்துடுச்சு! நீ மிஷின் பார்க்கிற லட்சணம் இதுதானா?”

கணினி பார்க்கும் ஓக்னியான் தலையைக் குனிந்துகொண்டான்.

“தப்பு என்னோடதுதான் மேடம். எட்டு மிஷின்லயும் மேக்ரோன்னு ஒரு குட்டி புரோகிராம் போட்டுடறேன். அப்புறம் எத்தனை தடவை தட்டினாலும் ரெண்டாவது திறக்காது. ஏற்கெனவே திறந்திருக்கிறதுதான் முன்னாடி வந்து நிக்கும்.”

மூலை மேஜையில் ருமியானா வலது கையை மடியில் மறைத்துக்கொண்டாள். அந்தப் பத்திரத்தை டைப் அடித்தவள் அவள்தான். ஆறு மாதமாக வலது கை நடுங்குகிறது. மவுஸை ஒருமுறை தட்டப்போனால் விரல் நாலுமுறை தட்டிவிடும். பென்ஷனுக்கு இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. விஷயம் தெரிந்தால் வேலை போய்விடும். பழி மிஷின்மேல் விழுந்ததால் இன்றைக்குத் தப்பித்தாள்.

“என் மிஷின் நல்லாத்தானே இருக்கு? அதை ஏன் நோண்டற?” பனித்சா பலகாரத்தைக் கடித்தபடியே சிடுசிடுத்தாள் பக்கத்து மேஜை வெசேலா.

“எல்லாத்துலயும் அதே கோளாறுதான்” என்று ஓக்னியான் சாதித்தான்.

அது பச்சைப் பொய் என்று ருமியானாவுக்குத் தெரியும்.

சாயங்காலம் அவன் கிளம்பும்போது படிக்கட்டில் மறித்தாள். கண் கலங்கியிருந்தது.

“என் கையைப் பார்த்துட்டே, இல்ல? என்னைக் காப்பாத்தறதுக்காக அந்த ராட்சசிகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டியே தம்பி! அவளுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாது.”

ஓக்னியான் தயங்கினான்.

“சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க அக்கா. ஆனா, நீங்க அவங்களை இப்படிப் பேசினா மனசு கேக்கல. உங்க கையை நான் கவனிக்கவே இல்ல. நேத்து மேடம்தான் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாங்க.”

“எதுக்கு?”

“‘ஒரு மிஷின்ல மட்டும் மேக்ரோ போட்டா யாருக்காகன்னு தெரிஞ்சுடும், எல்லாத்துலயும் போட்டுடு. நாளைக்கு எல்லார் முன்னாடியும் உன்னைத்தான் திட்டப்போறேன், இப்பவே மன்னிச்சுடுப்பா’ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.”