மூக்கர் முகர்ந்த பாடப்புத்தகம்

தெருமுனையில் நின்றபடியே, மூன்றாம் மாடியில் எந்தப் புத்தகம் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்றார் மூக்கர். எதிர்க்காற்று அடித்தாலும் சொல்வாராம்.

மூக்கர் என்றதும் மூக்கு பெரிது என்று நினைத்துவிட வேண்டாம். மூக்கு சாதாரண மூக்குதான். அதைப் பற்றிய பேச்சுதான் ஊரைவிடப் பெரிது.

ஆவணக் காப்பகத்தின் காகிதச் சோதனைக்கூடத்தில் வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு ஆளுக்குத்தான், வாய்க்கு யாரும் கொடுக்கவில்லை. காலையானால் காப்பகத்துப் பைண்டிங் அறைக்கு வந்து, வெட்டும் எந்திரத்துக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

அன்றைக்கு இன்னும் ஒரு படி ஏறினார்.

"கடைசியா அதைப் படிச்சது யாருன்னே சொல்லுவேன். ஒரு தடவை, இந்தப் புத்தகத்து மேல பூனை படுத்திருந்துச்சுன்னு சொன்னேன். அதுக்கு ஒரு கண்ணு தெரியாதுங்கறதையும் சேர்த்துச் சொன்னேன்!"

அறையில் வேலையாயிருந்த எல்லோரும் சிரித்தார்கள். பைண்டர் மட்டும் பசைக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"காதுல பூ சுத்துங்க அண்ணே, வேணாங்கல. நீங்க தோட்டத்தையே சுத்துறீங்க."

கையைத் துடைத்துக்கொண்டார். இழுப்பறையைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினார். பள்ளிப் பாடப்புத்தகம். அட்டையும் முன்பக்கங்களும் இல்லை.

"என் பொண்ணு படிச்சது."

சிரிப்பு அப்படியே நின்றது. மகளைப் பறிகொடுத்த பிறகுதான் பைண்டர் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார். அவளைப் பற்றி இதுவரை வாய் திறந்ததில்லை. மற்றவர்கள் டீ குடிக்கிற சாக்கில் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"மோந்து சொல்லுங்க. அவ இருக்காளா இதுல?"

ஓரத்தை மோப்பவன் கற்றுக்குட்டி. மூக்கர் நடுவில் விரித்து, தையல் ஓடுகிற மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக் கண்ணை மூடினார்.

முதலில் வினிகர். பின்னாலேயே வனிலா. அடியில் லேசாகப் பாதாம்.

அவ்வளவுதான்.

மரக்கூழில் செய்த மட்டக் காகிதம். மரத்தை நிமிர்த்தி நிறுத்தியிருந்த லிக்னின் சிதைந்தால் வனிலா. அமிலம் நாரை அரித்தால் வினிகர். பழைய புத்தக வாசனை என்று ஊரார் சொக்கிப்போவதெல்லாம், புத்தகம் சாகும்போது விடுகிற மூச்சு. காகிதம் தன்னைத் தொட்ட கையை நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பழக்கதோஷம், பக்கத்தின் மூலையை மடித்துப் பார்த்தார். உயிர் இருக்கிற தாள் மடியும். இது ஒடிந்து கையோடு வந்தது.

செத்துப்போன பிள்ளையின் புத்தகம். துணுக்கை உள்ளங்கையில் மூடிக்கொண்டு நிமிர்ந்தார். பைண்டர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வாழ்நாள் முழுக்க மூட்டை மூட்டையாக அவிழ்த்துவிட்ட மனிதருக்கு, இந்த ஒரு பொய்க்கு நாக்கு எழவில்லை.

"ஆரஞ்சு," என்றார் கடைசியில். "உரிச்சுட்டுக் கை கழுவாமப் பக்கத்தைத் திருப்பியிருக்கா, கழுதை."

"அவளுக்கு ஆரஞ்சே ஆகாது அண்ணே."

மூக்கர் மறுபடி மடிப்புக்குள் மூக்கை நுழைத்து எடுத்தார்.

"அவ தின்னான்னு யாரு சொன்னா? பக்கத்துல உட்கார்ந்தவ தின்னிருக்கா. அந்தக் கையோட இவ புத்தகத்தைத் தொட்டிருக்கா."

பைண்டர் தரையைப் பார்த்தார்.

"ஆமா. ஒருத்தி இருந்தா. எப்பப் பாரு எதையாவது மென்னுக்கிட்டு."

"பாத்தியா! இவ விடுவாளா? வெடுக்குனு பிடுங்கியிருக்கா. இங்க பாரு தம்பி, மூலை ஒடிஞ்சிருக்கு."

"பிடுங்குவா," என்றார் பைண்டர். "பிடுங்கிட்டுத் திட்டவும் திட்டுவா. வாய் ஜாஸ்தி அவளுக்கு."

புத்தகத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். துணியில் சுற்றவில்லை.

"அவளோடதெல்லாத்தையும் தொத்துக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியிலயே எரிச்சுட்டாங்க அண்ணே. ஒரு ரிப்பன்கூட மிச்சமில்ல. இது நேத்து பழைய பேப்பர் கடையில எடுத்தது. உங்க பொய்யைக் கையும் களவுமாப் பிடிக்கலாம்னு."

மூக்கரின் உள்ளங்கையில் அந்தத் துணுக்கு பொடியாகியிருந்தது.

பைண்டர் பசைக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். ஆடை கட்டத் தொடங்கியிருந்த பசையை மெதுவாகக் கிளறினார்.

"ஆனா அவ வந்தா அண்ணே," என்றார். "கொஞ்ச நேரம் இங்கதான் நின்னா."