ஏழாம் நபர்

முப்பத்தெட்டு நாட்களுக்கு முன் இறந்துபோன ஏழாம் நபர், நேற்றும் சரியாக நான்கு பத்துக்கு வராந்தாவில் நடந்திருந்தார்.

கணினிப் பதிவு அப்படித்தான் சொன்னது. வராந்தாவின் கோடி வரை இருபத்து மூன்று காலடிகள். அங்கே இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, அதே இருபத்து மூன்று அடிகளில் திரும்பிப் போயிருந்தார்.

மாணவி பதிவை மூன்றாவது முறையாகப் படித்தாள். அவளுடைய முனைவர் பட்ட ஆய்வே இந்த வராந்தாதான். தரைக்கு அடியில் இருக்கும் சென்சார்கள் காலடி அதிர்வைக் கேட்டு, நடப்பவர் யார் என்று கோடியில் உள்ள திரையில் காட்டும். எண் இரண்டு நிமிடம் ஒளிர்ந்துவிட்டு அணையும். கேமரா இல்லாமல் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் ஆராய்ச்சி.

பன்னிரண்டு பேரின் நடை அதற்குத் தெரியும். மற்ற எல்லோரும் அதற்குத் 'தெரியாதவர்'.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் பெயர் கிடையாது, எண்தான். பெயர்ப் பட்டியல் நெறிமுறைக் குழுவின் பூட்டிய அலமாரியில் இருந்தது. அவள் சேர்வதற்கு முன்பே அவர்கள் வந்து நடந்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏழைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இடது கால் சற்றுப் பிந்தி விழும்.

பிறகு குழுவிடமிருந்து ஒரு வரிக் கடிதம் வந்தது. 'ஏழாம் நபர் இறந்துவிட்டார். இனி அவரை அழைக்க வேண்டாம்.'

"செத்தவர்கூட டயத்துக்கு வந்துடறார். நம்ம சார்தான் வரமாட்டேங்கறார்" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"விளையாடாதே."

"சரி, எலியா இருக்கும்."

"எலி ஷூ போட்டுக்கிட்டா நடக்கும்? இதைப் பாரு. அவர் செத்து முதல் பத்து நாள் ஒண்ணுமே இல்ல. பதினோராம் நாள், ஏழா இருக்க வாய்ப்பு ஐம்பத்திரண்டு சதவீதம்னு காட்டுது. அப்புறம் அறுபத்தொண்ணு. எழுபத்தெட்டு. நேத்து தொண்ணூத்தி நாலு."

"அதுக்கு?"

"தினமும் கொஞ்சம் கொஞ்சமா கிட்ட வர்றார்."

அவன் டீ டம்ளரை மேசையில் வைத்தான். அதற்குப் பிறகு கிண்டல் செய்யவில்லை.

பேராசிரியர் எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டுவிட்டுச் சொன்னார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. உன் புரோகிராம் தப்பு. நாளைக்குத் தேர்வாளர்கள் முன்னாடி செத்தவர் நடந்தார்னா, உன் நாலு வருஷமும் போச்சு. ஏழாம் நம்பரை அழிச்சுடு."

"அழிச்சா அந்த நடை திரும்பக் கிடைக்காது சார்."

"ஆளே இல்ல. நடை எதுக்கு?"

அவள் வராந்தாவுக்கு வந்தாள். துப்புரவு அக்கா மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். ஈரத்தில் வழுக்காமல் இருக்கவோ என்னவோ, காலில் கனமான கறுப்பு ஷூ.

"அக்கா, நாலு மணிக்கு மேல இங்க யாராவது வர்றாங்களா?"

"யாரும்மா வர்றா? நீங்க கிளாஸ் எடுக்கப் போயிடறீங்க, அந்தத் தம்பி கேன்டீனுக்குப் போயிடறாரு. நான் மட்டும்தான்." அக்கா சிரித்தார். "எட்டு வருஷமா இந்தத் தரையத் துடைக்கிறேன். உங்க மெஷின் என்னைப் போய்த் தெரியாதவர்னு சொல்லுச்சு!"

"இன்னிக்கு ஒரு நாள்தான்க்கா. நாளைக்குத் தேர்வாளர்கள் வர்றாங்க, சாயங்காலம் அந்த ஏழாம் நம்பரை அழிச்சுடப் போறேன்."

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அன்று அவள் வகுப்பை ரத்து செய்தாள். ஆய்வகத்தில் விளக்கை அணைத்துவிட்டு, சாத்திய கதவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். நான்கு ஒன்பது வரை எந்தச் சத்தமும் இல்லை.

நான்கு பத்து.

வலது கால். ஒரு சின்ன இழுப்பு. இடது கால்.

இத்தனை நாள் திரையில் கோடுகளாக மட்டுமே பார்த்த நடை அது. இப்போது காதால் கேட்டாள். கதவைத் தாண்டிப் போனபோது மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு. இருபத்து மூன்று.

நின்றது.

அவள் கதவைத் திறந்தாள்.

மாப் சுவரில் சாய்ந்திருந்தது. கோடியில் துப்புரவு அக்கா மட்டும் நின்று, திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் பச்சையாக 7. கீழே, தொண்ணூற்றாறு சதவீதம்.

"அக்கா... நீங்களா?" அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "எதுக்கு இப்படி நடக்கறீங்க? என் படிப்பே போயிருக்கும், தெரியுமா?"

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாளைக்கு நான் லீவு போட்டுடறேன்மா. வர்றவங்க நல்லபடியா பார்த்துட்டுப் போகட்டும். இனிமே இந்தப் பக்கம் நடக்கவே கூடாதுன்னாலும் சரி. அதை மட்டும் அழிச்சுடாதீங்க."

"எதைக்கா?"

"அந்த நம்பரை. அதை வரவைக்கறதுக்குள்ள எத்தனை நாள் விழுந்து எழுந்தேன் தெரியுமா?"

அவள் அப்போதுதான் அந்த ஷூக்களைச் சரியாகப் பார்த்தாள். அக்காவின் கால் அதில் பாதிக்குத்தான் இருந்தது. மீதி இடத்தில் துணி அடைத்திருந்தது. இடது ஷூவின் நுனி மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"இது யாரோட ஷூ?"

இரண்டு நிமிடம் முடிந்து, திரை அணைந்தது. அக்கா அதன் பிறகுதான் திரும்பினார்.

"ஏழு என் பையன்மா."