பொழுது சாய்வதற்குள்

வெளிநாட்டில் தனியார் நடத்தும் சீசன் கேம்ப் ஒன்றுக்குச் சமையல் வேலைக்குப் போவதாக லோஷினி சொன்னபோது, அப்பா சபாபதி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து வீட்டில் உள்ள சட்டம் அங்கேயும் செல்லும்.

"எங்க போனாலும் பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும்."

சரியென்று தலையாட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினாள்.

மறுவாரம் தம்போய் ஊரில் உள்ள வீட்டில், சபாபதி காலைக் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே மகளுக்குப் போன் போட்டார். காற்று இரைச்சல் காதை அடைத்தது.

"வெளியவா நிக்கிற? அங்க மணி என்ன?"

"ராத்திரி பதினொன்னுப்பா."

"அலமாக்! இந்நேரத்துக்கு வெளிய என்ன வேலை? என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போன?"

"பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்னு சொன்னேன். இன்னும் சாயலப்பா."

"யார் காதுல பூ சுத்துற?"

லோஷினி வீடியோவைப் போட்டாள். கண்கூசும் பனிவெளி, வரிசையாய்க் கூடாரங்கள், மேலே பளீரென்று சூரியன்.

"ஐஸ் காடுன்னுதான சொன்ன? இந்த வெயில் எங்கேருந்து வந்துச்சு?"

"இது தென் துருவத்துக்குப் பக்கம்பா. இப்ப ராத்திரியே கிடையாது. பிப்ரவரி கடைசியிலதான் பொழுது சாயும்."

சபாபதி காப்பியைக் கீழே வைத்தார். "அதுவரைக்கும் வெளியதான் சுத்துவியா?"

"இல்லப்பா. ஜனவரியிலயே கேம்ப்ப மூடிடுவாங்க. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவேன்."