நான்கு விரல் இடைவெளி

வெள்ளைத் தரையில் ரத்தம் சொட்டியபோது அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம்: கம்பெனி சார்பில் வேலையைப் பார்வையிட வந்த மகேந்திரன், என் மகன் ஜாசிம், கதவருகே வாட்ச்மேன் சின்னக்கருப்பன், பிச்சை முகம்மதாகிய நான். ஜாசிமின் கையில் கட்டர் இருந்தது.

அட்டுவம்பட்டியில் புதிதாக வந்த டேட்டா சென்டரின் கேபிள் வேலை எங்களுடையது. கேபிள்களைச் சேர்த்துக் கட்ட, நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டை. இறுக்கி இழுத்து, மிச்ச வாலைச் சாய்வாக ஒரே நறுக்கு. நாற்பது வருடமாக என் கை அப்படித்தான். கேபிள் நசுங்கும், துணிப்பட்டியால் தளர்வாகக் கட்டலாம் என்றான் ஜாசிம். பூக்கட்டவா வந்தோம் என்று அவன் வாயை அடைத்தேன்.

கேபிள்கள் ஏறும் இரும்பு ரேக்கின் கதவைத் திறந்ததும் மகேந்திரன் சிரித்தார்.

"என்ன பாய், கரண்டு வயரையும் டேட்டா கேபிளையும் ஒண்ணாக் கட்டி வச்சிருக்கீங்க? எது எங்க போகுதுன்னு ஒரு சீட்டு ஒட்டல. வைக்கோல் கட்டு மாதிரில்ல கெடக்கு. ஒங்க பரம்பரையே வீட்டுல பல்பு மாட்டத்தான் லாயக்கு."

ஜாசிமின் இடது கை அவர் தாடையில் இறங்கியது. அவர் அவன் கழுத்தைப் பிடித்து இரும்புச் சட்டத்தில் மோதினார். அவன் உதடு பிளந்தது. ஜாசிம் முழு பலத்தோடு தள்ளினான். மகேந்திரன் திறந்திருந்த ரேக்குக்குள் கை நீட்டி விழுந்து, கேபிள் கட்டில் உரசியபடியே சரிந்தார். அலறல் கேட்டது. சட்டைக் கை கந்தலாகி, விரல் நுனி வரை ரத்தம் வழிந்தது.

சின்னக்கருப்பன் கடைவீதிக்கு ஓடினான். சாயங்காலத்துக்குள், பாய் மகன் ஆளைக் குத்திவிட்டான் என்று பண்ணைக்காடு வரை பேச்சு.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு துளி ரத்தம் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டை வாசித்தார்: முன்கையில் மூன்று கிழிசல்; ஒன்றுக்கொன்று மூன்று அங்குலம், அளந்து வைத்ததுபோல.

"கத்திய எங்க போட்டான் பாய்? வெரசாச் சொல்லுங்க."

ஜாசிம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மேசைக்கடியில் என் நான்கு விரல்களைச் சேர்த்துப் பார்த்தேன். மூன்று அங்குலம். பேசாமல் இருந்தால் மகன் உள்ளே. பேசினால் நாற்பது வருடப் பெயர் போகும்.

எழுந்து நின்றேன்.

"கத்தியே இல்லீங்க, அவரைக் கிழிச்சது நான் நறுக்கிவிட்ட டை முனைங்க."